பச்சைத் துணியும் புக்கிட் தீமா நடைமேடையும்

(தொண்டூழியர்களுக்கான காணொளிப் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஒளிப்பதிவைக் கல்லூரியில் கற்றவன் அல்லன். தோளில் சுமந்தால் மறுநாள் தோள் வலிக்கும் பழைய வீடியோ கேமரா காலத்தில், உறவினர் வீட்டுத் திருமணங்களைப் படம்பிடித்துப் பழகியவன். "இணையத்தில் வெளியிடும் காணொளிக்குப் பச்சைத் திரை முன் எடுப்பது எப்படி, வெளியிடத்தில் எடுப்பது எப்படி, இரண்டையும் இணைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்த மூன்றிலும் நான் தவறு செய்திருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன். ஆகையால் ஒரு தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் சிங்கப்பூரில் ஒரு காலத்தில் மலாயா ரயில் ஓடியது உங்களில் பலருக்குத் தெரியாது. தஞ்சோங் பகார் நிலையம் 1932-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து புக்கிட் தீமா வழியாக ஊட்லண்ட்ஸ் சென்று, கடற்பாலத்தைக் கடந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ஒற்றைத் தடம் அது. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டிச் சென்ற வண்டியோடு அந்தத் தடத்தின் கதை முடிந்தது. தண்டவாளத்தின் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டது. இன்று அது 24 கிலோமீட்டர் நீளமுள்ள பசுமைப் பாதை. மக்கள் நடக்கிறார்கள், மிதிவண்டி ஓட்டுகிறார்கள். புக்கிட் தீமா நிலையத்தின் சிறிய செங்கல் கட்டடமும் நடைமேடையும் பாதுகாக்கப்பட்டு, 2022-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன.

அந்த நிலையத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய பெரியவர் ஒருவரை எங்கள் குழு கண்டறிந்தது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. "ஐயா" என்றுதான் நாங்கள் அழைப்போம். உங்களிடமும் அப்படியே சொல்கிறேன். ரயில் பாதையில் உழைத்த நம்மவர் எத்தனையோ பேர். அவர்களுள் சாவி வளையம் கொடுத்தவர் ஒருவர் பேசக் கேட்பது எங்களுக்குப் பெரும் பேறாகப் பட்டது.

சாவி வளையம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். தடமோ ஒன்று, வண்டிகளோ இரு திசையிலிருந்தும் வரும். இரண்டும் ஒரே துண்டுப் பாதையில் நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே ஒவ்வொரு துண்டுப் பாதைக்கும் ஓர் உலோகச் சாவி. அந்தச் சாவி கையில் இருக்கும் ஓட்டுநர் மட்டுமே அந்தத் துண்டில் நுழையலாம். பாதையின் இரு முனைகளிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு சாவி வெளியே இருந்தால் மறுமுனையிலும் இன்னொரு சாவி வெளியே வராது. அந்தச் சாவியைப் பெரிய வளையம் ஒன்றில் தோல் பையோடு கட்டி, நிலையத்தில் இருப்பவர் தூக்கிப் பிடிக்க, மெதுவாகக் கடந்துபோகும் வண்டியில் இருப்பவர் எட்டி எடுத்துக்கொள்வார். பழைய வளையத்தை அவர் கொடுத்துவிட்டுப் போவார். புக்கிட் தீமாவில் இது 2011 வரை நடந்தது.

இந்த ஒரு செய்கையைத்தான் நாங்கள் காட்ட விரும்பினோம். ஐயாவுக்கு முழங்கால் வலி. வெயிலில் நிற்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சரி, பச்சைத் திரை இருக்கவே இருக்கிறதே என்று நாங்கள் துணிந்துவிட்டோம். தேக்காவில் ஆறு மீட்டர் பச்சைத் துணி வாங்கி, சமூக மன்றத்தின் பல்நோக்கு அறையில் கட்டினோம். கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்தோம். குளிர்சாதன அறையில் நாற்காலி போட்டு ஐயாவை அமரவைத்து, இரண்டு மணி நேரம் பேசவைத்தோம். பிறகு எழுந்து நின்று வளையத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னோம். அவரும் அன்போடு ஐந்தாறு முறை தூக்கிக் காட்டினார்.

ஒரு வாரம் கழித்து, குழுவிலிருந்த தம்பி ஒருவர் நண்பகல் உணவு இடைவேளையில் நிலையத்துக்குப் போய், கைத்தொலைபேசியால் நடைமேடையைப் படம்பிடித்து வந்தார். கணினியில் இரண்டையும் இணைத்தோம்.

அன்பர்களே, அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். நடைமேடைமீது வெயில் உச்சியிலிருந்து கொட்டுகிறது. ஐயாவின் முகத்திலோ ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது. தரை ஒரு சாய்வு, ஐயா ஒரு சாய்வு. வெள்ளைச் சட்டையின் ஓரமெல்லாம் பாசி படர்ந்ததுபோல் பச்சை. நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய படம்போல் அவர் அந்தரத்தில் நின்றார். இவ்வளவும் போகட்டும். அவர் கையைத் தூக்குகிறார்; கையில் வளையத்தைக் காணோம். வெறுங்கையை வானத்தை நோக்கி நீட்டுகிறார்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் இதைக் காட்டினோம். காட்டியிருக்கக்கூடாது. அவர் இரண்டு முறை பார்த்தார். "வளையம் எங்கே தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு சற்று நேரம் கழித்து, "நான் அங்கே நிற்கவே இல்லையே" என்றார். அதில் கோபம் இல்லை. அதனால்தான் எங்களுக்குத் தாளவில்லை.

வளையம் எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் நான் பச்சைத் திரையைப் பற்றி உண்மையில் கற்றுக்கொண்டேன்.

கணினிக்குத் துணியும் தெரியாது, மனிதரும் தெரியார். "பச்சையாக இருப்பதை நீக்கு" என்று நாம் கட்டளையிடுகிறோம், அது நீக்குகிறது. பச்சையை ஏன் தேர்ந்தார்கள் என்றால், கறுப்போ மாநிறமோ வெளுப்போ, மனிதத் தோல் எந்நிறமாயினும் அதில் சிவப்புச் சாயலே மிகுதி. பச்சையிலிருந்து அது வெகுதூரம். இன்னொரு காரணம், மின்னணுக் கேமராவின் கண் அமைந்த விதம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒளியை வாங்கும் நுண்கட்டங்கள் நான்கில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. இன்று உங்கள் கைத்தொலைபேசியில் இருப்பதும் பெரும்பாலும் அதன் வழிவந்ததே. பச்சையை அது நன்றாகப் பார்க்கும். பச்சையில் புள்ளி இரைச்சல் குறைவு. குறைந்த விளக்கே உள்ள நம்மைப் போன்ற தொண்டூழியக் குழுக்களுக்கு அது பெரிய உதவி.

படச்சுருள் காலத்தில் நீலமே ஆட்சி செய்தது. நம் மைசூர்ப் பக்கத்தில் பிறந்த சாபு நடித்த 'பாக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படம் 1940-இல் வந்தது. நீலத் திரையால் ஆளைப் பிரித்தெடுக்கும் முறையை அந்தப் படத்தில்தான் லாரி பட்லர் பெரிய அளவில் கையாண்டார். அவ்வாண்டின் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கர் விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது. பின்னர் பெட்ரோ விலாஹோஸ் என்பவர் அந்த நீலத்திரை முறையை 1959-இல் வந்த 'பென்-ஹர்' படத்துக்காகச் செம்மைப்படுத்தினார். 1964-இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. வெள்ளைத் திரையின்மேல் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சி, அந்த ஒரே ஒரு மஞ்சளை மட்டும் கேமராவுக்குள்ளிருந்த பட்டகத்தால் வேறு சுருளுக்குப் பிரித்தார்கள். நாயகியின் தொப்பியிலிருந்து தொங்கும் வலைத்துணிகூடப் பழுதில்லாமல் தப்பியது. கணினி இல்லாத காலத்தில் வலைத்துணி தப்பியிருக்கிறது. நம் காலத்தில் ஐயாவின் கம்பி வளையம் தப்பவில்லை. தவறு கருவியில் இல்லை என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் தவறு நான்கு இடத்தில் நடந்தது. அந்த வளையம் பளபளக்கும் இரும்பு. கண்ணாடிபோல் எதிரே இருந்த பச்சையைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. கணினியின் கண்ணுக்கு வளையமும் துணிதான். அடுத்து, ஐயாவைத் துணிக்கு இரண்டடி முன்னால் நிறுத்திவிட்டோம். விளக்கு துணியில் பட்டுத் தெறித்த பச்சை, அவர் தோளிலும் நரைமுடியிலும் படிந்தது. குறைந்தது எட்டடி, இடமிருந்தால் பத்தடி, ஆளுக்கும் துணிக்கும் இடைவெளி வேண்டும். துணிக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு. துணிக்கு இரு பக்கத்திலிருந்தும் ஒரே அளவாக ஒளி பரவவேண்டும். சுருக்கம் விழுந்த இடத்தில் பச்சை இரண்டு வகையாகிவிடும். அதனால் துணிக்கு இஸ்திரி போடுவது ஒளிப்பதிவில் பாதி வேலை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது, கை வேகமாக அசைந்தது. நொடிக்கு 25 படம் எடுக்கும்போது வழக்கமாகத் திரைமூடி வேகத்தை ஐம்பதில் ஒரு நொடி என்று வைப்போம். அதில் அசையும் பொருள் சற்றுக் கலங்கித் தெரியும். கண்ணுக்கு அது அழகு. பச்சைத் திரைக்கு அது பகை; கலங்கிய ஓரத்தில் பாதி பச்சை, பாதி பொருள். நூறில் ஒரு நொடி என்று மாற்றினால் ஓரம் கூர்மையாகும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் ஐம்பதிலும் நூறிலும் விளக்கு துடிப்பது தெரியாது. வேறு எண்ணை வைத்தால் சில விளக்குகளில் படம் முழுவதும் வரிவரியாக அலை ஓடும்.

நான்காவதை நான் வெகுநாள் அறியாமலே இருந்தேன். பெரும்பாலான கேமராக்களும் கைத்தொலைபேசிகளும் இடத்தை மிச்சப்படுத்த ஒரு தந்திரம் செய்கின்றன. நான்கு புள்ளிகள் கொண்ட சிறு சதுரத்தில், வெளிச்சத்தின் அளவை நான்குக்கும் தனித்தனியே எழுதிவைக்கும். நிறத்தை மட்டும் நான்குக்கும் சேர்த்து ஒன்றாகவே எழுதும். நம் கண் நிறத்தைவிட வெளிச்சத்தையே கூர்ந்து பார்ப்பதால், பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் நிறத்தை வைத்தே வெட்டும் பச்சைத் திரைக்கு இது எப்படி இருக்கும்? மொண்ணைக் கத்திரியால் மெல்லிய நூலை வெட்டச் சொல்வதுபோல. மெல்லிய கம்பி அந்தச் சதுரங்களுக்குள் கரைந்தே போயிற்று. நல்ல கேமராவில் நிறத்தைக் கூடுதலாகப் பதிவுசெய்யும் வசதி உண்டு. அது இல்லாதவர்கள் 4கே அளவில் எடுத்து, பச்சையை நீக்கும்போது பாதியாகச் சுருக்கிக்கொள்ளலாம். நான்கு புள்ளிகள் ஒன்றாகும்போது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கிடைத்துவிடுகிறது. செலவில்லாத வழி.

இதோடு ஒரு சிறு எச்சரிக்கை. முதல் நாள் பேட்டி எடுக்க வந்த எங்கள் தங்கை, நல்ல நாளென்று கிளிப்பச்சைப் பட்டுப் புடவை உடுத்தி வந்தார். தலையும் இரண்டு கைகளும் மட்டும் காற்றில் மிதந்து ஐயாவிடம் கேள்வி கேட்டன. உடை நிறத்தை முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். ஜரிகையும் பளபளக்கும் நகையும் குறைவாக இருப்பது நல்லது. மூக்குக் கண்ணாடி அணிந்திருப்பவரைச் சற்றே தலை தாழ்த்தச் சொன்னால் கண்ணாடியில் விளக்கும் பச்சையும் விழுவது குறையும். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் வருபவரைத் தானியங்கி அமைப்பில் எடுத்தால் கேமரா வெள்ளையைப் பார்த்து மிரண்டு ஒளியைக் குறைத்துவிடும். நம்மவர் முகம் கறுத்துப்போகும். முகத்தை அளந்து ஒளி வையுங்கள். வேட்டி சற்று வெளிறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

சரி, வளையத்துக்கு விடை கிடைத்தது. "நான் அங்கே நிற்கவே இல்லையே" என்றாரே, அதற்கு என்ன விடை?

குழுவில் இதைப் பற்றி நீண்ட வாக்குவாதம் நடந்தது. சினிமாவில் செய்வதுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்றார் ஒருவர். சினிமாவுக்குப் போகிறவர் கதை பார்க்கிறோம் என்று தெரிந்தே போகிறார். நாம் எடுப்பதோ ஒரு மனிதரின் நினைவு. நாளை ஒரு மாணவர் இணையத்தில் இதைக் கண்டு, இவர் இந்த இடத்தில் இப்படித்தான் நின்றார் என்று நம்புவார். சட்டையோரத்துப் பச்சையைச் சுத்தமாக எடுத்துவிட்டால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதிப்படும். நன்றாகச் செய்யச் செய்ய நாம் சொல்லும் பொய்யும் நன்றாகிறது என்று எனக்குப் பட்டது. ஆகையால், எப்பாடு பட்டாவது ஐயாவை ஒருமுறை அந்த நடைமேடைக்கே அழைத்துச் செல்வது என்று முடிவெடுத்தோம்.

இம்முறை முதலில் இடத்தைப் போய்ப் பார்த்தோம். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது: இரண்டையும் இணைக்கப்போகிறீர்கள் என்றால், வெளியிடத்தை முதலில் எடுங்கள், பச்சைத் திரையைப் பிறகு எடுங்கள். அறையில் விளக்கை நகர்த்தலாம். சூரியனை நகர்த்த முடியாது. எந்தப் பக்கத்திலிருந்து வெயில் வந்தது, நிழல் எவ்வளவு நீளம், கேமரா தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எந்த லென்ஸ், மணி என்ன என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேமராவின் உயரம் மிக முக்கியம். சமதரையில் தொடுவானக் கோடு எப்போதும் லென்ஸின் உயரத்திலேயே விழும். வெளியே நான்கடியில் வைத்து எடுத்திருந்தால் அறையிலும் நான்கடிதான். எங்கள் தம்பி கைத்தொலைபேசியைத் தலைக்கு மேலே பிடித்து எடுத்தார். அறையில் எங்கள் கேமரா ஐயாவின் மார்பு உயரத்தில் இருந்தது. ஐயா அந்தரத்தில் நின்றதற்கு அதுவே முதற்காரணம்.

நம் நாட்டு வெயிலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்றே மேலே இருக்கிறோம். நம் கடிகாரமோ சூரியனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதனால் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அன்று. ஏறத்தாழ ஒரு மணிக்கு. பதினொன்றிலிருந்து மூன்று வரை எடுத்தால் கண்குழிகள் இருண்டு, மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசையாக விழும். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை, மாலை ஐந்திலிருந்து ஆறே முக்கால், இவைதாம் நமக்கு நல்ல நேரம். மாலையில் மழையை நம்ப முடியாது. நாங்கள் காலையைத் தேர்ந்தோம்.

அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். இடத்தைப் பராமரிப்பவர் யாரென்று விசாரித்து எழுதிக் கேட்டால் நாகரிகமாகவும் இருக்கும், அன்று யாரும் வந்து நிறுத்தவும் மாட்டார்கள். ஆளில்லா வானூர்தி கொண்டு எடுக்கும் ஆசை எல்லா இளைஞர்களுக்கும் உண்டு. 250 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவுசெய்யாமல் பறக்கவிடக்கூடாது. விமான நிலையங்களுக்கு அருகில் தனி அனுமதியும் வேண்டும். எங்கள் கதைக்கு அது தேவைப்படவில்லை. தரையில் நின்ற ஒருவருடைய நினைவை எதற்காக வானத்திலிருந்து எடுக்கவேண்டும்?

அந்த நாளுக்கு வருகிறேன். மகளும் பேரனும் துணைக்கு வர, ஐயாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தோம். அவர் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் பொருத்தி வைத்திருந்தோம் என்று பெருமையாகச் சொல்ல நினைத்தேன். ஆனால் உண்மை அதுவன்று. குளிர்சாதன வாகனத்திலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுதும் புகைபோல் நீர்த்திவலை. துடைத்தால் மீண்டும் வரும். அரை மணி நேரம் கைகட்டி நின்றோம். கேமராவை நெகிழிப் பைக்குள் இறுக்கிக் கட்டி, பையோடு வெளியே வைத்து, வெளிச்சூட்டுக்கு அது பழகிய பிறகு திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. எனக்குத் தெரியும், அன்று மறந்துவிட்டேன்.

அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த வரம் என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன். கேமரா ஓடாததால் ஐயா எங்களைப் பொருட்படுத்தவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மேடையோரமாக நடந்தார். பெயர்ப்பலகையைப் பார்த்தார். எஞ்சியிருக்கும் தண்டவாளத்தைப் பார்த்தார். இரும்புப் பாலம் இருக்கும் திசையில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் தரையில் ஒட்டுநாடாவால் குறியிட்டு வைத்திருந்த இடத்தைக் காட்டி, "இங்கே நில்லுங்கள் ஐயா" என்றோம்.

"இங்கே இல்லை தம்பி. இன்னும் அப்பால்" என்று நாலைந்து அடி தள்ளிப் போய் நின்றார். "வண்டி வரும்போது நான் கேமராவையா பார்ப்பேன்? ஓட்டுநர் கையையல்லவா பார்க்கவேண்டும்!"

அறையில் ஐந்தாறு முறை எடுத்தோமே, அப்போது அவர் ஒருமுறைகூட இதைச் சொல்லவில்லை. சொல்ல மறந்தாரா, நாங்கள் கேட்கவில்லையா? பச்சைத் துணிக்கு முன்னால் வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் உடம்புக்குத் தெரிந்திருந்த செய்தி அது. அந்த மேடையில் நின்ற பிறகே வெளியே வந்தது. இந்தமுறை தடித்த பிரம்பில் வளையம் செய்து, தோல் பையும் கட்டியிருந்தோம். கையில் வாங்கி எடை பார்த்தார். "இது லேசு" என்று சிரித்தார். பிறகு பாலத்தை நோக்கித் திரும்பி, ஒரு பக்கமாக நின்று, வலக்கையை உயர்த்தினார். இடக்கை தானாகவே வேறு நிலைக்குப் போய் நின்றது. பழைய வளையத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக. கண் ஏதோ ஒன்றைத் தொடர்ந்து நகர்ந்தது. வண்டி கடந்துபோகும் நொடியில் காலை ஒரு அடி பின்னுக்கு எடுத்தார். அந்தப் பின்னடி எங்கள் முந்தைய படத்தில் இல்லை. அது இல்லாமல் அங்கே உயிரோடு வேலை செய்திருக்க முடியாது என்று அவர் மகள் பக்கத்தில் மெதுவாகச் சொன்னார்.

இருபது நிமிடத்தில் களைத்துவிட்டார். மொத்தம் பதினொரு நிமிடப் பதிவு. போதும் என்று நிறுத்திவிட்டோம். இன்னும் ஒரே ஒருமுறை என்று கேட்கும் ஆசை ஒளிப்பதிவாளனுக்கு எப்போதும் உண்டு. முதியவர்களிடம் அதை அடக்கிக்கொள்ளவேண்டும்.

அவர் போன பிறகு நாங்கள் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தோம். செங்கல் சுவர், பலகை, பாலம், புல்லில் ஓடும் தண்டவாளம் என்று தனித்தனியாக எடுத்தோம். ஒவ்வொன்றையும் குறைந்தது பதினைந்து நொடி அசையாமல் எடுக்கவேண்டும். கேமராவைச் சதா ஆட்டிக்கொண்டே எடுத்தவற்றை வெட்டி ஒட்டும்போது எங்குமே கத்திரி வைக்க இடம் கிடைக்காது. மிதிவண்டியில் போனவர்கள் சிலர் நின்று பார்த்தார்கள். முகம் தெளிவாக விழுந்தவர்களிடம் சொல்லிவிட்டோம், வேண்டாம் என்ற ஒருவரை நீக்கினோம். பிறகு, யாரும் பேசாமல் ஒரு முழு நிமிடம் அந்த இடத்தின் ஒலியை மட்டும் பதிவுசெய்தோம். குயில், சில்வண்டு, தூரத்துச் சாலை இரைச்சல். அறையில் பேசிய பேச்சுக்கு அடியில் அந்த ஒலியை மெல்ல வைத்தால் வெட்டிய இடங்கள் காதில் உறுத்தா. ஆனால் பேட்டி நடக்கும்போது குயில் கூவினால் அது பெரும் சோதனை. பாதி வாக்கியத்தில் வெட்டினால் குயிலும் பாதியில் நின்றுவிடும். சட்டைக்குள் பொருத்தும் சிறு ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் வைத்தால் இந்தச் சோதனை பாதியாகக் குறையும்.

அப்படியானால் பச்சைத் துணியைக் குப்பையில் போட்டோமா என்று கேட்பீர்கள். இல்லை. ஐயா அறையில் பேசிய இரண்டு மணி நேரம் பொன்னானது. வெயிலில் நின்று அவரால் அவ்வளவு பேசியிருக்க முடியாது. அவர் வருவதற்கு இசைந்தபடியால் இன்னொரு நாள் சமூக மன்றத்தில் மீண்டும் துணியைக் கட்டினோம், இந்தமுறை இஸ்திரி போட்டு. அவருக்குப் பின்னால் நாங்கள் வைத்தது நடைமேடையை அன்று, ஒரு வரைபடத்தை. தஞ்சோங் பகாரிலிருந்து ஊட்லண்ட்ஸ் வரை ஒரே கோடு, நடுவில் புக்கிட் தீமா, இரு முனையிலும் சாவிப் பெட்டி. அவர் கையால் காட்டக் காட்ட வண்டியும் சாவியும் அந்தக் கோட்டில் நகர்கின்றன. வரைபடத்துக்கு முன்னால் ஒருவர் நிற்பதைப் பார்த்து யாரும் ஏமாறமாட்டார்கள். நமக்கு வேண்டியதும் அதுவே.

அதில் ஒரு நுட்பம். காட்டுபவருக்குத் தம் பின்னால் உள்ள படம் தெரியாது. அங்கே இருப்பது வெறும் துணி. எதிரே ஒரு சிறு தொலைக்காட்சியை வைத்து, இணைத்த படத்தை அதில் ஓடவிட வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில்போல் இடவலம் மாற்றி வையுங்கள். இல்லையேல் ஊட்லண்ட்ஸைக் காட்டச் சொன்னால் கை தஞ்சோங் பகாருக்குப் போகும். ஐயா இரண்டாம் முறையே பழகிக்கொண்டார். எங்கள் பொறியியல் பட்டதாரி ஒருவருக்கு நாலு முறை ஆயிற்று.

ஆக, முடிந்த காணொளியில் பேச்சு அறையிலிருந்து வந்தது, செய்கை மேடையிலிருந்து வந்தது, விளக்கம் பச்சைத் துணியிலிருந்து வந்தது. எது எங்கே பதிவானது என்று ஒரு வரி இறுதியில் போட்டோம். பேருந்தில் ஒலியில்லாமல் பார்ப்பவர்களே மிகுதி என்பதால் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து வரி சேர்த்தோம். கைத்தொலைபேசியின் சிறு திரையில் தெரியவேண்டும் என்பதால், தொலைவிலிருந்து எடுத்த அழகான காட்சிகள் இரண்டை மனமில்லாமல் நீக்கினோம்.

ஐயா அதைப் பேரனின் கைத்தொலைபேசியில் பார்த்தார். மேடைக் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார். கையில் வளையம் இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டி, "பிரம்பு கொஞ்சம் தடிமன். பரவாயில்லை" என்றார். பின்னர், நிலையத்தில் தம்மோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் அவசர அவசரமாக ஒலிப்பதிவுக் கருவியைத் தேடினோம்.

அந்தப் பெயர்கள் பதினேழு. அவர்களில் இருவர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள் என்று விசாரித்து அறிந்திருக்கிறோம். ஒருவர் வடக்கே, ஜொகூர் பாருவில். அடுத்த மாதம் போகவிருக்கிறோம். இன்று பயிற்சி பெறுபவர்களில் நால்வர் எங்களோடு வரலாம். பெயர் கொடுக்க விரும்புவோர் இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.

இப்போது பின்வரிசைத் தம்பிகள் அந்தப் பச்சைத் துணி மூட்டையைக் கொண்டு வாருங்கள். இஸ்திரிப் பெட்டி மேடைக்குப் பின்னால் இருக்கிறது. மின்செருகி சுவரோரம் உள்ளது. கம்பியில் யாரும் இடறாமல் நாடா ஒட்டிவிடுங்கள்.